முள்ளூரணிக்கு வந்த மழைகள்

முள்ளூரணியை வானம் இரண்டாவது வருஷமும் ஏமாற்றிய ஐப்பசி மாதத்தில், கரி மூட்டம் போடும் நாகநாதனின் மனைவி சீனியம்மாள், நாற்பத்து மூன்று வயதுக்காரி, வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கி நடந்துகொண்டே செல்போனில் ஒரு வீடியோ எடுத்தாள். யூடியூபில் அவளுக்கு 'சீனியம்மா ஊர்ப்பக்கம்' என்று ஒரு சேனல் இருந்தது. வத்தலுக்குக் காம்பு கிள்ளுவது, தாயில்லாத ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டுவது, கூழுக்கு மோர்மிளகாய் வறுப்பது என்று அன்றைக்குக் கையில் என்ன வேலை இருக்கிறதோ அதையே எடுத்துப் போடுவாள். மூவாயிரத்துச் சொச்சம் பேர் பார்ப்பார்கள். அதில் பத்திருபது பேர் கீழே ஏதாவது எழுதுவார்கள். 'சூப்பர் அக்கா' என்பார் ஒருவர், 'சத்தம் கம்மியா கேக்குது' என்பார் இன்னொருவர், 'எங்க வீட்டுல இதுக்குப் பூண்டு போடமாட்டோம், போட்டா எங்க மாமனார் எழுந்திரிச்சுப் போயிருவார்' என்று ஒரு முழுக் குடும்பத்தையே கொண்டுவந்து உட்காரவைப்பார் வேறொருவர். சீனியம்மாள் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி வாசித்து, எல்லாருக்கும் 'நன்றிங்க' என்று போடுவாள்.

அன்றைக்குக் கண்மாயின் நடுவில் குத்தவைத்து, ஒரு வெடிப்புக்குள் கையை விட்டுக் காட்டினாள். "இதாங்க எங்க கண்மாய். பாருங்க, முழங்கை வரைக்கும் உள்ள போகுது. உங்க ஊர்லயெல்லாம் மழை எப்பிடிங்க பேயும்? சும்மா சொல்லுங்க, கேட்டுக்கிறோம்" என்றாள்.

ஊரில் சிக்னல் கிடைப்பது ஆரம்பப் பள்ளிக்கூடத்திலும், அதற்குப் பக்கத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் தூண்களுக்கு நடுவிலும் மட்டும்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அங்கே போய் நின்றபோது ஒரே ஒரு பதில் வந்திருந்தது. குலசேகரத்துப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் எழுதியிருந்தார்: 'எங்க ஊரு மழைக்கு நேரம் காலம் கிடையாது அக்கா. சிரட்டையில பால் நிறையதுக்கு முன்னாடி மழைத்தண்ணி நிறைஞ்சுரும். பலா இலைமேல அது விழுத சத்தம் இருக்கே, அதைக் கேட்டா எனக்கு இப்பவும் உறக்கம் வந்துரும்.'

அவள் 'நன்றிங்க' என்று தட்டி முடிப்பதற்குள் தொட்டியின் நிழல் தரையிலிருந்து மறைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மேற்கே செங்கல் சூளையிலிருந்து கிழக்கே ரோட்டோர மைல்கல் வரைக்கும், ஊர் எவ்வளவோ அவ்வளவுக்கு, கரும்பச்சையாக ஒரு மேகம் வந்து நின்றது, நின்று, பெய்தது. முள்ளூரணியில் அகல இலையுள்ள மரம் ஒன்றுகூட இல்லை, எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம்தான். இருந்தும் அந்த மழை பலா இலைமேல் விழும் சத்தத்தோடுதான் விழுந்தது, ரப்பர் பாலின் புளித்த வாசனையோடு விழுந்தது. நனைந்து நின்றவர்களுக்கெல்லாம் கண் சொருகியது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் பையைத் தலைக்கு வைத்துச் சுவரோரமாகப் படுத்துத் தூங்கினார்கள். மழை விட்ட பிறகு எழுந்து, விட்ட இடத்திலிருந்து வரிசையைத் தொடர்ந்தார்கள்.

மறுநாள் மலேசியாவில் ஈப்போவிலிருந்து, எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒரு கிராணி, தங்கள் ஊர் மழை சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நாலே முக்காலுக்குப் போய்விடும், அதை வைத்தே கடிகாரம் திருத்துவோம் என்று எழுதினார். அன்று நாலு மணிக்கு அந்த மழை வந்தது, நாலே முக்காலுக்குப் போனது. எழுதுகிறவருடைய மழைதான் வருகிறது என்பதில் அதன்பிறகு ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

சீனியம்மாள் ஒவ்வொரு மழையையும் வீடியோ எடுத்து, 'இது குலசேகரம் அண்ணனோட மழை', 'இது ஈப்போ ஐயாவோட மழை' என்று பேர் சொல்லிப் போட்டாள். பார்த்தவர்கள் அதை ஒரு கல்யாண வீட்டு மொய்யைப் போல எடுத்துக்கொண்டார்கள். 'என் மழை கொஞ்சம் சத்தமா வரும், பயந்துராதீங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு எழுதினவர்கள் உண்டு. 'எல்லாம் கிராபிக்ஸ்' என்று ஒருவர் எழுதினார். அன்று முழுக்கக் கண்ணில் மண்ணை வாரிப்போடும் காற்று மட்டும் அடித்தது. 'பர்ஸ்ட் கமெண்ட்' என்று எழுதினவருக்கு ஒரே ஒரு துளி, அதுவும் பெட்டிக்கடைத் தகரத்தின்மேல், டிங் என்று விழுந்தது. வெறும் 'சூப்பர்' எல்லாம் தூறல். காலை மழை நல்லதா மாலை மழை நல்லதா என்று இரண்டு பேர் பதிலுக்குப் பதில் எழுதிச் சண்டை போட்டபோது, கிழக்கிலிருந்து ஒன்றும் மேற்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு மழை வந்து தெருவின் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. அந்தப் பக்கத்து வீடுகள் ஒரு மழையிலும் இந்தப் பக்கத்து வீடுகள் மறு மழையிலும் நனைந்தன. நார்வேயில் நர்ஸாக இருக்கும் ஒருத்தி தன் முதல் பனியைப் பற்றி நாலு வரி எழுத, வெள்ளாடுகளெல்லாம் தலையை அண்ணாந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

ஊர் பழகிக்கொண்டது. எது எந்த ஊர் மழை என்பதைப் பெண்கள் வாசனையிலேயே சொன்னார்கள். ஊட்டிச் சாரல் சேலையை நனைக்காது, எலும்பைத்தான் நனைக்கும் என்பதால் அதற்கு மட்டும் அடுப்பு மூட்டினார்கள். யாழ்ப்பாணத்து மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் இனித்தது. மழை அளக்க வந்த அதிகாரி மூன்று நாள் தங்கி அளந்து பார்த்து, எந்த ஊர் மழை என்று எழுதுவதற்குத் தன் நோட்டில் கட்டம் இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பக்கத்து ஊர்க்காரர்கள் மைல்கல்லுக்கு அந்தப் பக்கம் குடத்தோடு நின்றார்கள். முள்ளூரணிக்காரர்கள் இந்தப் பக்கம் பிடித்து அந்தப் பக்கம் ஊற்றினார்கள். பத்து வருஷமாகத் தரிசாகக் கிடந்த புஞ்சையையெல்லாம் உழுது மிளகாய் போட்டார்கள். கண்மாயில் முழங்கால் அளவு, இடுப்பளவு என்று தண்ணீர் ஏறி, தை பிறந்தபோது முக்கால் கண்மாய் நின்றது. செடிகளில் குண்டு மிளகாய் சிவக்கத் தொடங்கியது.

மிளகாய் சிவந்துவிட்டால் மழை ஆகாது. அதனால் சீனியம்மாள் ஒரு வீடியோவில் கையெடுத்துக் கும்பிட்டு, "மிளகாய்ப் பழம் எடுத்து முடிக்கிறவரைக்கும் யாரும் மழையைப் பத்தி எழுதாதீங்க, வேற ஏதாச்சும் பேசுவோம்" என்று கேட்டுக்கொண்டாள். எல்லோரும் சரியென்று பல்வலியைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் எழுத ஆரம்பித்தார்கள். அதற்கெல்லாம் வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் செண்பகவல்லி எழுதினாள். சேனல் தொடங்கின நாளிலிருந்து ஒரு வீடியோ விடாமல் பார்ப்பவள் அவள். எதற்கும் 'பார்த்தேன்' என்ற ஒரே சொல்லைத்தான் போடுவாள். அவளுடைய ஊர், வயது, எதுவும் சீனியம்மாளுக்குத் தெரியாது. இந்தத் தடவை இரண்டு வரி இருந்தது: 'தங்கச்சி, என்கிட்டயும் ஒரு மழை இருக்கு. எழுதலாமா?'

யாரும் இதுவரை கேட்டுவிட்டு எழுதினதில்லை. 'என்ன மழைக்கா?' என்று சீனியம்மாள் கேட்டாள்.

பதில் வர மத்தியானம் ஆயிற்று. 'மூணு நாள் பெஞ்சது. ஆத்து முகத்துவாரத்துல எங்க வீடு. வீட்டுக்காரரையும் மூத்த மகளையும் கொண்டுபோச்சு. இருபத்தோரு வருஷம் ஆச்சு. வெளியில வெயில் அடிக்கும், என் காதுக்குள்ள பெஞ்சுக்கிட்டே இருக்கும். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. உங்க ஊருக்கு ஆகாதுன்னா எழுத மாட்டேன் தங்கச்சி. இத்தனை வருஷம் வச்சிருந்தேன், இன்னும் வச்சிக்கிறேன்.'

அதைச் சீனியம்மாள் தொட்டிக்கு அடியில் கூடியிருந்த ஊருக்கு வாசித்துக் காட்டினாள். முதலில் பேசினவர் கார்மேகம். ஊரிலேயே அதிக மிளகாய் போட்டிருந்தவர் அவர்தான், ஒன்பது ஏக்கர். பிறந்த வருஷம் நல்ல மழை என்று அப்பன் ஆத்தா வைத்த பெயர் அது. ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிசு, கண்மாய்க்கு அக்கரையில் மேயும் மாட்டை இக்கரையில் நின்றே திருப்பிவிடுவார்.

"அந்தம்மாவை நினைச்சாப் பாவமாத்தான் இருக்கு. அதுக்காக?" என்றார். "மூணு நாள் மழை, ஆளையே அடிச்சுட்டுப் போன மழை. நம்ம கரை தாங்குமா? பழம் ஒண்ணு மிஞ்சுமா? கமெண்ட்டை ஆஃப் பண்ணிப் போடு சீனி. பழம் எடுத்து முடிச்சுப் பாத்துக்கிருவோம்."

"பழம் எடுத்ததும் எழுதச் சொல்லலாமாண்ணே?"

"அப்பயும் வேணாங்கிறேன். அழிக்கிற மழை நமக்கு எதுக்கு?"

பலர் தலையாட்டினார்கள். சீனியம்மாளின் அரை ஏக்கர், கண்மாய்க் கரைக்கு நேர்க்கீழே, ஊரிலேயே பள்ளமான இடத்தில் இருந்தது. கரை உடைந்தாலும் சரி, மிஞ்சின தண்ணீர் போகும் கலுங்கு வழிந்தாலும் சரி, முதலில் போவது அதுதான். நாகநாதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, நாமளாத்தான் கேட்டோம்" என்றாள் சீனியம்மாள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை, போனைப் பார்த்துத்தான் பேசுவாள். "சும்மா சொல்லுங்க, கேட்டுக்கிறோம்னு நான்தான் சொன்னேன். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வச்சிருந்ததைக் குடுத்தாங்க. நல்லதா இருந்துச்சு, வாங்கிக்கிட்டோம், வெள்ளாமை போட்டோம். இவங்க வச்சிருக்கது இதுதான்ணே. இவங்களை மட்டும் வாசல்ல வச்சே அனுப்பிட்டு, நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட வீடியோ போடுறது? அந்தக்கா கேட்டுட்டுத்தான எழுத வந்தாங்க. கேட்காம எழுதியிருந்தா இந்நேரம் பெஞ்சிருக்கும்."

கார்மேகம் தரையைப் பார்த்தார். "உன் கொல்லைதான் முதல்ல போகும், தெரியுமா?" என்றார்.

"தெரியும்ணே."

அதற்குமேல் அன்றைக்குப் பேச்சு நீளவில்லை. சீனியம்மாள் பத்து நாள் பொறுக்கச் சொல்லி எழுதினாள். 'இருபத்தோரு வருஷம் பொறுத்தவளுக்குப் பத்து நாள் என்ன தங்கச்சி' என்று பதில் வந்தது.

அந்தப் பத்து நாளும் முள்ளூரணியில் ஒருவரும் சும்மா உட்காரவில்லை. சிவந்ததும் அரைகுறையாகச் சிவந்ததுமாகப் பழத்தைப் பறித்துப் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் பரப்பினார்கள். கருவேல மரங்களை வெட்டிக் கரையின் பலவீனமான இடங்களில் அடுக்கி மண் மூட்டைகளை அண்டக்கொடுத்தார்கள். தூர்ந்துபோன கலுங்கைத் தோண்டித் தண்ணீர் வழிய வழி விட்டார்கள். வரத்துக்கால்களில் முளைத்த முள்ளையெல்லாம் நாகநாதன் வேரோடு பிடுங்கினான். கார்மேகம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, தன் டிராக்டரில் நாளைக்கு இருபது நடை செம்மண் அடித்தார். அவருடைய ஒன்பது ஏக்கரில் பாதிகூடப் பறித்து முடியவில்லை. பத்தாம் நாள் ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக் கட்டிவிட்டு, ஊர் முழுவதும் அரிசி பருப்போடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

சீனியம்மாள் போனைத் தூக்கிப் பிடித்து, பின்னால் நிற்கும் ஊரையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பேசினாள். "செண்பகவல்லியக்கா, எல்லாரும் வந்துட்டோம். நீங்க எழுதுங்க. அவசரமில்ல, நிறுத்தி நிறுத்தியே எழுதுங்க. நான் வாசிச்சுக் காட்டுறேன், நாங்க கேட்டுக்கிட்டே இருக்கோம்."

முதல் வரி வந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். 'அவர் பேரு தங்கராசு, படகு ஓட்டினாரு.' வானம் அதுவரை எந்த மழைக்கும் ஆகாத ஒரு நிறத்துக்கு மாறியது. ஈயச்சட்டியின் அடிப்பாகம் மாதிரி என்று சிலர் சொன்னார்கள். அதற்குப் பெயரே இல்லை என்றார்கள் மற்றவர்கள். மழை இறங்கியது. இத்தனை மாதத்தில் எத்தனையோ மழையைப் பார்த்துவிட்ட முள்ளூரணி, அந்த மழைக்கு முன்னால் கைகட்டி நின்றது.

செண்பகவல்லி எழுத எழுத அது பெய்தது. அவள் நிறுத்தி மூச்சு வாங்கும்போது கொஞ்சம் தணியும், தொடங்கும்போது வலுக்கும். உப்பு வாசனையும் நண்டு வாசனையும் வந்தன. முதல் நாள் அவள் தன் கல்யாணத்தையும் வீடு கட்டின கதையையும் எழுதினாள். மழைக்குள்ளிருந்து பாத்திரம் உருளும் சத்தம், அம்மி அரைக்கும் சத்தம், ஒரு ஆள் படகுக்குத் தார் பூசிக்கொண்டே சீழ்க்கையடிக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. இரண்டாம் நாள் ஆறு ஊருக்குள் வந்ததை எழுதினாள். படகை அவிழ்க்கப் போன தங்கராசு திரும்பவில்லை என்று எழுதினாள். சீழ்க்கைச் சத்தம் பாதி மெட்டில் நின்றுபோனது. பள்ளிக்கூடத்துக்குள் பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள். வெளியே கண்மாய் கரையின் விளிம்பைத் தொட்டுக் கலுங்கில் புரண்டு, சீனியம்மாளின் அரை ஏக்கரை மண்ணோடு வழித்தெடுத்துக்கொண்டு போனது. நாகநாதன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து, வாசித்து வாசித்துத் தொண்டை வறண்டிருந்த மனைவிக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் செண்பகவல்லி வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு எழுதினாள்: 'நான் சின்னவளை இடுப்புல கட்டிக்கிட்டு ஒரு தென்னை மரத்துல இருந்தேன். மூத்தவ பவழம் எதுத்த வீட்டுக் கூரையில இருந்தா. ஒன்பது வயசு. தண்ணிக்கும் காத்துக்கும் நடுவுல என்னைத் தெரியல அவளுக்கு. அம்மா இருக்கியா, அம்மா இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இருக்கேன் இருக்கேன்னு நானும் கத்தினேன் தங்கச்சி. காத்து என் சத்தத்தை என் மூஞ்சியிலயே கொண்டாந்து போட்டுச்சு. அவளுக்குக் கேட்கவே இல்ல. பதில் இல்லாமலேதான் போனா.'

சீனியம்மாள் அதை வாசித்து முடித்ததும், மழைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, இருக்கியா?"

கண்மாய்ப் பக்கமிருந்து, தெளிவாக, ஒன்பது வயதுப் பிள்ளையின் குரல். பள்ளிக்கூடமே எழுந்து நின்றது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது; யாரும் அதை இறக்கவில்லை.

"அம்மா, இருக்கியா?"

யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் கார்மேகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். தூணைப் பிடித்துக்கொண்டு, உடம்பை மழைக்குள் நீட்டி, அக்கரை மாட்டைத் திருப்பும் குரலில் கத்தினார்: "இருக்கோம் தாயி! இங்கனதான் இருக்கோம்!"

குரல் ஒரு நொடி நின்றது. மறுபடியும் கேட்டது. மறுபடியும் அவர் சொன்னார். மூன்றாம் தடவை சீனியம்மாள் சேர்ந்துகொண்டாள், நாகநாதன் சேர்ந்துகொண்டான், பிறகு முள்ளூரணியே வராந்தாவில் நெருக்கிக்கொண்டு நின்று, பிள்ளை கேட்கும்போதெல்லாம் இருக்கோம் தாயி, இருக்கோம் தாயி என்று பதில் சொன்னது. ஒரு தடவையைக்கூட விடவில்லை. மணி மூன்றாயிற்று, நாலாயிற்று, ஐந்தாயிற்று. கேட்கும் குரலில் முதலில் இருந்த பதற்றம் போனது. பிறகு, பதில் வரும் என்று தெரிந்துகொண்டே கேட்கிற மாதிரிக் கேட்டது. பிறகு, தூக்கம் வந்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே, தாய் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாளா என்று ஒரு பேச்சுக்குக் கேட்குமே, அப்படி இழுத்து இழுத்துக் கேட்டது.

"அம்மா... இருக்கியா..."

"இருக்கோம் தாயி" என்று இந்தத் தடவை ஊர் மெதுவாகச் சொன்னது, எழுப்பிவிடக் கூடாதே என்பது போல.

அதற்குப் பிறகு அது கேட்கவில்லை. மழை சத்தமில்லாமல் மெலிந்து, நூலாகி, நின்றது. மேகம் விலகியபோது கண்மாய் கரைக்குக் கரை நிறைந்து, ஒரு அலைகூட இல்லாமல் கிடந்தது. கரை ஒரு இடத்திலும் உடையவில்லை. அப்படி நிறைந்த கண்மாயை ஊரில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை. தூரத்திலேயே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். கார்மேகத்தின் ஒன்பது ஏக்கரில் பறிக்காமல் விட்ட பழமெல்லாம் அழுகிப்போயிருந்தது. அவர் வரப்பில் இறங்கி ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார், திரும்ப அதை அதன் இடத்திலேயே வைத்தார்.

மூன்றாம் வாரம், பத்தரை மணி பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். ஐம்பதைத் தாண்டின வயது, கையில் ஒரு துணிப்பை. "சீனியம்மா வீடு எதுங்க?" என்று அவள் கேட்டதுமே, கடையில் உப்பு வாங்கிக்கொண்டிருந்த சீனியம்மாள் அந்தக் குரலை இதுவரை கேட்டிராதபோதும் யார் என்று தெரிந்துகொண்டாள். இருவரும் கண்மாய்க்கு நடந்தார்கள். பின்னால் ஊர் ஒவ்வொருவராகச் சேர்ந்து நடந்தது.

செண்பகவல்லி கரையில் உட்கார்ந்து தண்ணீரை வெகுநேரம் பார்த்தாள். தண்ணீருக்கு மேல் இரண்டு நாரை பறந்தன.

"என் பவழம் குரலு எப்படி இருந்துச்சு தங்கச்சி?"

"முதல்ல பயந்துதான்க்கா கேட்டா. பெறகு பயமில்ல. பெறகு தூங்கிட்டா."

"பதில் சொன்னீங்களா?"

"ஒரு தடவை விடாமச் சொன்னோம்க்கா."

"முதல்ல சொன்னது யாரு?"

கூட்டம் விலகியது. கார்மேகம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குற்றம் செய்தவர் போலக் குனிந்து நின்றார். செண்பகவல்லி எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"சத்தமாச் சொன்னீங்களா அண்ணே? அவளுக்குக் கேட்கிற மாதிரி?"

"சத்தமாத்தான் தாயி சொன்னேன்" என்றார் அவர். காற்றோடு கரகரவென்று வந்தது பேச்சு. பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. "தொண்டை கட்டுனது, இன்னமும் சரியாகல. மாட்டைக் கூப்பிட முடியல."

செண்பகவல்லி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு துணிப்பையைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த பனங்கற்கண்டில் ஒரு துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாயில ஒதுக்கிக்குங்க அண்ணே" என்றாள். "கடிக்காம, மெதுவாக் கரையட்டும்."